ஐஸ் பெட்டிக்குள் நொதிகள் என்ன செய்கின்றன?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய உம்மா ஐஸ் வைத்த மீனை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாராம். ஐஸில் கிடந்தால் மீனின் சத்தெல்லாம் செத்துப்போகும் என்பது உம்மாவின் கட்சி. காலையில் வாங்கிய மீனைச் சமைக்க மதியம் ஆகும் என்றால், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தடவி வைத்துவிடுவார், கெடாது என்ற நம்பிக்கையில். இதற்கு நடுவே பிளஸ் டூ படிக்கும் பேத்தி உயிரியல் புத்தகத்தோடு வந்து நின்றிருக்கிறாள். "குளிரில் நொதிகள் செயல்படாது என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஐஸில் வைத்த மீன் கெடவே கூடாதே, நாலாம் நாள் ஏன் நாறுகிறது?" மூன்று தலைமுறைக்கும் சேர்த்து ஒரு பதில் எழுதுங்கள் என்கிறார் வாசகி.

பேத்தியின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். புத்தகத்தில் இருப்பது பொய்யில்லை. ஆனால் 'செயல்படாது' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. சூட்டில் நொதி சிதைகிறது, திரும்ப எழுந்திருப்பதில்லை. குளிரில் அது மெதுவாகிறது, அவ்வளவுதான். வெளியே எடுத்து வைத்தால் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். பச்சைப் பட்டாணியைக் குளிரில் உறைய வைப்பதற்கு முன்னால் வெந்நீரில் சிறிது நேரம் முக்கி எடுப்பது இதற்காகத்தான். குளிரே நொதியைக் கொன்றுவிடும் என்றால் அந்த வெந்நீருக்கு அவசியமே இல்லை.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நொதி ஒரு புரதம். அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோத்த நீண்ட சரம், தனக்கென்று ஒரு வடிவில் மடிந்து சுருண்டு நிற்கிறது. அந்த மடிப்புகளுக்கு இடையே ஒரு குழி. மாற வேண்டிய மூலக்கூறு அந்தக் குழிக்குள் வந்து உட்கார்ந்ததும், வெளியே என்றைக்கோ நடக்க வேண்டிய வினை நொடிக்குள் முடிந்துவிடுகிறது. எமில் ஃபிஷர் 1894இல் இதைப் பூட்டும் சாவியும் என்று விளக்கினார். 1958இல் டேனியல் கோஷ்லண்ட் அதைத் திருத்தினார்: பூட்டு அசையாமல் நிற்பதில்லை, சாவி நுழையும்போது பூட்டும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. இந்த வளைந்து கொடுத்தலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

வெப்பம் 10 டிகிரி கூடினால் நொதியின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், சில நொதிகளில் மூன்று மடங்கு. ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் சடாரென்று விழும். முட்டையின் வெள்ளைக்கரு சட்டியில் பட்டதும் கெட்டியாகிறதே, அதே கதைதான். மடிப்பைப் பிடித்து வைத்திருந்த வலுக்குறைந்த பிணைப்புகள் அறுந்து, சரம் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது. புத்தகத்தில் இதை ஒரு மலை மாதிரி வரைந்து, உச்சியைக் குறித்து, 'உகந்த வெப்பநிலை' என்று எழுதியிருப்பார்கள். அந்த உச்சி கல்லில் வெட்டியது போல ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஐந்து நிமிடம் அளந்தால் ஓர் இடத்திலும், ஐந்து மணி நேரம் அளந்தால் அதற்குக் கீழேயும் வரும். காரணம், அவிழ்வதற்கும் நேரம் பிடிக்கிறது. சூட்டில் கொஞ்ச நேரம் வேகமாக ஓடிவிட்டுச் சாகும் நொதி, குறைந்த நேரம் அளப்பவருக்குக் கெட்டிக்காரனாகத் தெரியும்.

சரி, மீனுக்கு வருவோம்.

பாம்பன் தெற்குவாடிக்கு விடியற்காலையில் போனால் ஏலம் முடிந்து சில்லறை விற்பனை தொடங்கியிருக்கும். போன முறை போயிருந்தபோது ஓர் அக்கா எனக்கு ஒரு ஊளி மீனைத் தூக்கிக் காட்டினார். ஈட்டி மாதிரி நீண்ட உடம்பு, முன்னால் நீட்டிய கீழ்த்தாடை, ஊசி ஊசியாகப் பல். சென்னைச் சந்தையில் சீலா என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். தெற்கே சீலா என்றால் வஞ்சிரம் வரும், அதனால் நான் ஊளி என்றே சொல்கிறேன். "செவுளப் பாருங்க தம்பி, ரத்தமா இருக்கு. அமுக்கிப் பாருங்க, குழி விழுதான்னு" என்றார். தலையைப் பிடித்துப் படுக்கையாக நீட்டினேன். முழ நீள மீன், வால் தொங்காமல் கம்பு போல நேராக நின்றது. விறைத்திருக்கிறது, அதாவது செத்து அதிக நேரம் ஆகவில்லை. அந்த அக்காவின் கைக்கு இது தெரியும். ஏன் என்பதை நான் சொல்ல முயல்கிறேன்.

மீன் செத்ததும் ரத்த ஓட்டம் நிற்கிறது, ஆக்சிஜன் வருவதில்லை. ஆனால் தசைக்குள் இருக்கும் நொதிகளுக்கு மீன் செத்த செய்தி போய்ச் சேருவதில்லை. சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை உடைத்துக்கொண்டே இருக்கின்றன. ஆக்சிஜன் இல்லாததால் அந்தப் பாதை லாக்டிக் அமிலத்தில் போய் முடிகிறது. கடைசிப் படியைச் செய்யும் நொதியின் பெயர் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ், சுருக்கமாக எல்.டி.எச். நாம் வேகமாக ஓடினால் நம் தொடைத் தசையிலும் இதே நொதிதான் இதே வேலையைச் செய்கிறது. அமிலத்தை அளக்கும் எண் பிஹெச், அமிலம் கூடினால் அது இறங்கும். அமிலம் சேரச் சேர, உயிரோடு இருக்கும்போது 7ஐ ஒட்டி இருந்த தசையின் பிஹெச் ஆறரை, ஆறு என்று இறங்குகிறது. சூரை மாதிரி விரைந்து நீந்தும் மீன்களில் ஐந்தரை வரைக்கும்கூட இறங்கும். கூடவே தசையின் எரிபொருளான ஏ.டி.பி. தீர்ந்துபோகிறது. தசை இழைகள் ஒன்றையொன்று பிடித்த பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும். அது இல்லாததால் பிடித்த பிடியிலேயே பூட்டிக்கொள்கின்றன. அதுதான் விறைப்பு. மடி வலையில் மணிக்கணக்கில் இழுபட்டுத் துடித்துச் செத்த மீனில் கிளைக்கோஜன் முன்பே கரைந்துவிட்டிருக்கும், விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். தூண்டில் மீனுக்கு நம் ஆட்கள் கூடுதல் விலை கொடுப்பதற்கு ருசி என்று சொல்லும் காரணத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

இந்த எல்.டி.எச். மேல் எனக்குத் தனிப் பிரியம். வெப்பநிலைக்கும் நொதிக்கும் உள்ள உறவை இதைவிட அழகாகச் சொல்லும் நொதி எனக்குத் தெரியாது. அதுவும் ஊளி மீனை வைத்தே சொல்லிவிடலாம்.

எல்.டி.எச். நான்கு துண்டுகள் சேர்ந்த நொதி. ஒவ்வொரு துண்டிலும் 330 சொச்சம் அமினோ அமிலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குழி, குழியின் வாயில் ஒரு மூடி. தனியாகச் செய்து பொருத்திய மூடி இல்லை. அதே சரத்தின் ஒரு வளைவுதான் கதவு மாதிரி ஆடுகிறது. கிளைக்கோஜன் உடையும் பாதையில் கடைசிக்கு முந்தின பொருள் பைருவேட். அந்த மூலக்கூறு குழிக்குள் வந்ததும் இந்த வளைவு மேலே வந்து மூடுகிறது. உள்ளே ஹைட்ரஜன் கைமாறுகிறது, பைருவேட் லாக்டேட் ஆகிறது, அதாவது நாம் பார்த்த லாக்டிக் அமிலம். கதவு திறக்கிறது, லாக்டேட் வெளியே போகிறது. வேதிவினை நடப்பது கணநேரம். அதிக நேரம் பிடிப்பது இந்தக் கதவு ஆடுவதுதான். நொதியின் வேகத்தை நிர்ணயிப்பது குழிக்குள் நடக்கும் வேதியியல் என்றுதான் நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கதவின் கீல்தான் நிர்ணயிக்கிறது என்று படித்த அன்றைக்கு அடைந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது குளிரை நினைத்துப் பாருங்கள். அண்டார்டிக்கா கடலில் தண்ணீர் ஏறத்தாழ மைனஸ் 1.9 டிகிரி. உப்பு இருப்பதால் உறையாமல் கிடக்கிறது. அங்கே வாழும் சில மீன்களைச் சுமார் 6 டிகிரித் தண்ணீரில் விட்டால் சூடு தாங்காமல் செத்துப்போகின்றன. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியே அவற்றுக்குச் சித்திரை வெயில். இந்த மீன்களின் எல்.டி.எச். மைனஸ் 1.9லும் மீனை நீந்த வைத்தாக வேண்டும். நம் ஊர் மீனின் நொதியைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் கீல் இறுகிப்போய்க் கதவு நகராது. அந்தக் குளிர்க்கடல் மீன்களின் நொதியில் கதவை ஒட்டிய பகுதிகள் இளகி இருக்கின்றன. இங்கொரு அமினோ அமிலம், அங்கொன்று மாறி, இறுக்கிப் பிடிக்கும் பிணைப்புகள் குறைந்திருக்கின்றன. அதனால் கொஞ்ச வெப்பத்திலேயே கதவு ஆடும். குளிர்க்கடல் மீனின் நொதியையும் வெப்பக்கடல் மீனின் நொதியையும் ஒரே வெப்பநிலையில் வைத்து அளந்தால் குளிர்க்கடல் மீனுடையது வேகமாக ஓடும்.

அப்படியென்றால் எல்லா மீனுக்கும் அந்த இளகிய நொதியே இருந்திருக்கலாமே? இங்கேதான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இளகிய நொதியைச் சூட்டில் வைத்தால் கதவு மட்டும் ஆடாது, வீடே ஆடும். குழி தன் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது. பைருவேட் வந்து உட்கார இடம் சரியாக அமையாமல் நழுவும். இன்னும் சூடு ஏறினால் சரமே அவிழ்ந்துவிடும். இறுகினால் வேகம் போகும், இளகினால் பிடி போகும். ஒவ்வொரு மீனும் தான் வாழும் தண்ணீரின் சூட்டுக்கு ஏற்ற இறுக்கத்தில் தன் நொதியைக் கட்டி வைத்திருக்கிறது. அவரவர் ஊர்த் தண்ணீரில் வைத்து அளந்தால் அண்டார்டிக்கா மீனின் நொதியும் வெப்பக்கடல் மீனின் நொதியும் பைருவேட்டை ஏறக்குறைய ஒரே அளவு பிடியோடு பிடிக்கின்றன.

இதற்கு ஊளி எங்கே வருகிறது? அண்டார்டிக்கா மீனும் நம் மீனும் வெவ்வேறு குடும்பம், வேறுபாடு வெப்பத்தால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது என்று யாராவது கேட்கலாம். அமெரிக்க உயிரியலாளர் ஜார்ஜ் சொமேரோவும் அவருடன் வேலை செய்தவர்களும் அதற்குத்தான் ஊளியைப் பிடித்தார்கள். பசிபிக் பெருங்கடலின் அமெரிக்கக் கரையோரம் குளிர்ந்த தண்ணீரில் ஓர் ஊளி இனம், கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் இன்னோர் இனம், வெப்பக்கடலில் வேறோர் இனம். எல்லாம் நம் ஊளியின் பங்காளிகள், ஒரே பேரினம். தண்ணீருக்குத் தண்ணீர் சில டிகிரிதான் வித்தியாசம். 1997இல் வந்த ஆய்வில் இவற்றின் எல்.டி.எச். நொதிகளை ஒப்பிட்டார்கள். அந்தச் சில டிகிரி வித்தியாசத்துக்கே நொதிகளின் வேகமும் பிடியும் சூடு தாங்கும் திறனும் மாறியிருந்தன. மாறியிருந்த அமினோ அமிலங்களோ மிகக் கொஞ்சம். அவையும் குழிக்குள் இல்லை, குழிக்கு வெளியே. வேலை செய்யும் கையை இயற்கை தொடவே இல்லை. தோள்மூட்டை மட்டும் லேசாக முடுக்கியோ தளர்த்தியோ விட்டிருக்கிறது. தெற்குவாடியில் அந்த அக்கா ஊளியைத் தூக்கிக் காட்டியபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

இப்போது ஐஸ் பெட்டி. மன்னார் வளைகுடாவின் தண்ணீர் பெரும்பாலான மாதங்களில் 27 முதல் 30 டிகிரி வரை இருக்கிறது. அந்தச் சூட்டுக்கு முடுக்கி வைத்த நொதிகளோடு ஒரு மீன் 0 டிகிரி ஐஸுக்குள் போகிறது. ஒரேயடியாக 30 டிகிரி இறக்கம். கதவுகள் கிட்டத்தட்ட நின்றேபோகின்றன. மீனோடு வரும் பாக்டீரியாக்களும் நம் கடலின் சூட்டுக்குப் பழகியவைதான், அவற்றின் நொதிகளுக்கும் அதே கதி. நார்வே பக்கத்துக் காட் மீனோ 5 டிகிரித் தண்ணீரிலிருந்து வருகிறது. அதற்கு ஐஸ் என்பது தன் ஊரின் சற்றே குளிர்ந்த நாள், அவ்வளவுதான். அதன் மேல் இருக்கும் பாக்டீரியாக்களும் குளிரில் வளர்ந்தவை, ஐஸிலும் தொடர்ந்து வேலை செய்யும். அதனால் வெப்பக்கடல் மீன்கள் பொதுவாக ஐஸில் குளிர்க்கடல் மீன்களைவிட அதிக நாள் தாங்குகின்றன. காட் சுமார் இரண்டு வாரம் தாங்கினால், வெப்பக்கடல் மீன்களில் மூன்று வாரம் தாண்டியவையும் உண்டு. உம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: ஐஸ் குளிர்க்கடல் மீனைவிட நம் கடல் மீனுக்குத்தான் அதிகம் உதவுகிறது. சத்தும் எங்கேயும் போவதில்லை, புரதம் ஐஸில் கரைந்து ஓடிவிடாது.

பேத்தி கேட்ட நாலாம் நாள் நாற்றம்? அதற்கு ஐஸில் இருந்த நாளைவிட, ஐஸுக்கு முன் இருந்த நேரத்தைப் பார்க்க வேண்டும். மீன் கெடும் வேகத்துக்கு ஜூன் ஓலியும் டேவிட் ராட்கோவ்ஸ்கியும் ஆஸ்திரேலியாவில் ஒரு எளிய சூத்திரம் தந்தார்கள். வெப்பநிலையைப் பத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வந்த விடையை வர்க்கப்படுத்துங்கள். 0 டிகிரியில் விடை 1. 30 டிகிரியில் 4இன் வர்க்கம், 16. அதாவது 30 டிகிரியில் ஒரு மணி நேரம் கிடந்தால் ஐஸில் 16 மணி நேரம் கிடந்ததற்குச் சமம். படகிலும் மணலிலும் கூடையிலுமாக ஐந்து மணி நேரம் போனால் 80 மணி நேரம், மூன்று நாளுக்கு மேல், ஐஸைப் பார்ப்பதற்கு முன்பே கழிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு நாம் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குகிறோம். மீனின் கணக்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒரு கிலோ மீனை 30லிருந்து 0க்கு இறக்க ஏறத்தாழ 110 கிலோஜூலை எடுத்தால் போதும். காகிதக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ் போதும். ஆனால் பெட்டியின் சுவர் வழியாகவும் மூடியைத் திறக்கும்போதும் வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால், நம் ஊர் வெயிலுக்குக் கிலோவுக்குக் கிலோ போட்டால்தான் சரிவரும். அதுவும் ஐஸ் பாரைப் பொடியாக உடைத்து, மீனுக்கு மீன் நடுவே அடுக்காகப் போட வேண்டும். மேலே ரெண்டு கட்டியை வைத்து மூடினால் அடியில் கிடக்கும் மீனுக்கு ஒன்றும் தெரியாது.

இங்கே ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபம் முகாமில்தான் இருந்தது. கடல் அறிவியலுக்குப் பழைய ஊர் நம் ஊர். அப்படிப்பட்ட கரையில், கூடையில் மீன் சுமந்து விற்கும் ஒரு பெண்ணுக்கு நிழலும், நல்ல தண்ணீரில் செய்த பொடி ஐஸும் கிடைப்பது இன்னும் அவரவர் சாமர்த்தியமாகவே இருக்கிறது. ராக்கெட்டுக்குச் செலவிட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சூடையும் காரலும் நகரையும் எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று மீனுக்கு மீன் அளந்து, அதைக் கரையில் ஒரு பலகையில் எழுதி வைப்பதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். அதுவும் முதல்தர அறிவியல்தான்.

அடுத்து எலுமிச்சை. அமிலம் நொதியை என்ன செய்கிறது?

பிஹெச் என்ற அளவுகோலே நொதிகளுக்காகப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சோரன்சன், அமிலம் கொஞ்சம் மாறினாலும் நொதி தாறுமாறாக மாறுவதைப் பார்த்து, ஹைட்ரஜன் அயனிகளை எண்ணுவதற்கு வசதியாக 1909இல் இதை அறிமுகம் செய்தார். ஓர் எண் இறங்கினால் அயனிகள் பத்து மடங்கு கூடும்.

கூடுகிற அந்த ஹைட்ரஜன் அயனிகள் நொதியின் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. சும்மா ஒட்டுவதில்லை, மின்சுமையை மாற்றிவிடுகின்றன. குடலில் புரதத்தை வெட்டும் டிரிப்சினைப் பாருங்கள். அதன் குழிக்குள் செரின், ஹிஸ்டிடின், ஆஸ்பார்டேட் என்று மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கின்றன. வெட்டுகிற கத்தி செரின். அதன் கையில் இருக்கும் ஹைட்ரஜனைப் பக்கத்தில் நிற்கும் ஹிஸ்டிடின் வாங்கிக்கொண்டால்தான் செரின் வெட்ட முடியும். பிஹெச் 7க்குக் கீழே இறங்க இறங்க, ஹிஸ்டிடினின் கையில் வெளியிலிருந்து வந்த ஹைட்ரஜன் ஏற்கெனவே இருக்கிறது. கை நிறைந்திருப்பவரிடம் இன்னொன்றைக் கொடுக்க முடியாது. செரின் கத்தியோடு சும்மா நிற்கிறது. வடிவம் கெடவில்லை, சரம் அவிழவில்லை. காரத்தை ஏற்றி 8க்குக் கொண்டுவந்தால் உடனே வேலைக்குத் திரும்பிவிடும். வயிற்றிலிருக்கும் பெப்சின் இதற்கு நேர் எதிர். அது இரண்டு ஆஸ்பார்டேட்டுகளை வைத்து வேலை செய்கிறது, 2ஐ ஒட்டிய கடும் அமிலத்தில்தான் அதற்கு வேகம். அமிலம் நொதிகளுக்கு எதிரி என்று பொதுவாகச் சொல்ல முடியாததற்கு இதுவே சாட்சி.

உம்மாவின் எலுமிச்சைக்கு இது நேராகப் பொருந்துகிறது. எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் 2, இரண்டரை. சதையின் மேல் பட்டதும் மேற்பரப்பின் புரதம் அவிழ்ந்து வெள்ளையாகிறது, வெந்தது போலத் தெரிகிறது. உள்ளே போகப் போகச் சதையின் புரதமே அமிலத்தை உறிஞ்சி அடக்கிவிடுகிறது. மேலே சில மில்லிமீட்டரைத் தாண்டினால் பழைய நிலைதான். தசை செல்லுக்குள் சிறு பைகளில் அடைத்து வைத்திருக்கும் கெதெப்சின் என்ற புரத வெட்டிகளோ அமிலத்தை விரும்புபவை. அமிலம் எட்டிய இடத்தில் அவற்றுக்கு உற்சாகம்தான். குடலோடு வைத்த சூடையும் நெத்திலியும் வெயிலில் வயிறு உடைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மீனின் சொந்த செரிமான நொதிகள் தன் வயிற்றுச் சுவரையே தின்றதால் வருவது. உயிரோடு இருந்தவரை சுவரைக் காத்த சளிப்படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. இரை தின்ற வயிறாக இருந்தால் இன்னும் வேகம். வெளியே தடவிய எலுமிச்சை அங்கே எட்டிப்பார்க்கக்கூட முடியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மீன் நாற்றத்துக்கு முக்கியக் காரணமான டிரைமெத்திலமைன் காரத்தன்மை கொண்டது. அமிலம் பட்டதும் ஆவியாகாத உப்பாக மாறி, மூக்குக்கு எட்டாமல் போகிறது. புளித்தண்ணீரில் மீனைக் கழுவினால் கவுச்சி போவதும் இதனால்தான். கழுவுவது நல்லது. ஆனால் கெட்ட மீனின் எச்சரிக்கை மணியையும் அது அடக்கிவிடுகிறது.

சூரை, கும்புளா, மத்தி வாங்குபவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். இந்த மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் நிறைய. சில பாக்டீரியாக்கள் தங்கள் நொதி ஒன்றால் அதிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அந்த வினையில் ஒரு ஹைட்ரஜன் அயனி செலவாகிறது. சுற்றுப்புறத்தின் அமிலத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ள பாக்டீரியா வைத்திருக்கும் உபாயம் அது. மீன் சூட்டில் கிடந்தபோது அந்த நொதி போதுமான அளவு உருவாகிவிட்டால், பிறகு ஐஸில் வைத்துப் பாக்டீரியாவை அடக்கினாலும் நொதி மெதுவாகத் தன் வேலையைத் தொடரும். கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், நொதி சாகும், உண்டான ஹிஸ்டமின் மட்டும் அப்படியே இருக்கும். அதற்கு மணமும் இல்லை. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். பலர் இதை மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வாழ்நாள் முழுக்க மீனையே விட்டுவிடுகிறார்கள். குற்றம் மீனிடம் இல்லை, மீன் வெயிலில் கிடந்த நேரத்தில் இருக்கிறது.

மீனும் மோரும் சேர்த்துச் சாப்பிட்டால் வெண்புள்ளி வரும் என்று நம் பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள். வராது. மோரும் மீனும் வயிற்றில் விழுந்தவுடன் ஒரே அமிலத்தில் நனைந்து, ஒரே பெப்சினால் வெட்டுப்பட்டு, குடலில் ஒரே டிரிப்சினால் துண்டாகி, அமினோ அமிலங்களாகவே உள்ளே போகின்றன. எது மீனிலிருந்து வந்தது, எது மோரிலிருந்து வந்தது என்று உடம்புக்குத் தெரிய வழியே இல்லை. வெண்புள்ளி, தோலின் நிறமிச் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே தவறாகத் தாக்குவதால் வருவது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. இந்த ஒரு பொய்யால் எத்தனை பெண்களின் கல்யாணம் நின்றிருக்கிறது, எத்தனை பிள்ளைகளின் தாய் "நீ அன்றைக்கு என்ன தின்றாய்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தால் கோபம் வருகிறது.

சரி, அப்படியென்றால் எலுமிச்சையும் புளியும் வீணா என்று உம்மா கேட்பார். இல்லை, வரிசைதான் முக்கியம். வாங்கியவுடன் குடலையும் செவுளையும் எடுத்துக் கழுவி, பொடி ஐஸுக்குள் புதைத்து வையுங்கள். அமிலம் அடுப்போடு சேர்ந்து வரட்டும்.

சேர்ந்து வரும்போது என்ன ஆகிறது என்பதற்கு மீன்குழம்புதான் சரியான ஆய்வகம். செத்த மீனின் ஏ.டி.பி. படிப்படியாக உடைந்து நடுவில் இனோசின் மோனோபாஸ்பேட் என்ற பொருளாக நிற்கிறது. மீனின் ருசியில் பெரும்பங்கு இதற்குத்தான். ஜப்பானியர்கள் சூரையைப் புகைபோட்டு உலர்த்திச் செய்யும், நம் மாசிக்கருவாட்டுக்கு உறவான ஒரு கருவாட்டின் ருசிக்கு இதுவே காரணம் என்று ஷின்டாரோ கொடாமா 1913இல் கண்டுபிடித்தார். இதை மேலும் உடைக்கும் நொதிகள் விட்டால் ருசி போய், கடைசியில் கசப்பான ஹைப்போசாந்தின் மிஞ்சும். மீன் எவ்வளவு புதுசு என்பதை இந்த உடைப்பை அளந்தே எண்ணில் சொல்லும் முறையை 1959இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தந்தார்கள். நல்ல மீன் கொதிக்கிற குழம்பில் விழுந்ததும் அந்த நொதிகள் அத்தனையும் அவிழ்ந்துபோகின்றன, ருசி இருந்த இடத்தில் நின்றுவிடுகிறது. புளி மிச்ச டிரைமெத்திலமைனைக் கட்டிப்போடுகிறது. இரவு சட்டியில் புதிதாக வந்து விழும் பாக்டீரியாக்களின் நொதிகளுக்கும் அந்தப் புளிப்பில் வேகம் குறைவு. இதற்குள் மிளகாயும் மல்லியும் புளியும் சதைக்குள் மெல்ல மெல்ல இறங்க ஒரு ராத்திரி கிடைக்கிறது. காலையில் இன்னொரு கொதி விட்டு, அடிச்சட்டியில் கெட்டியாகக் கிடக்கும் அந்தக் குழம்பை இட்லிக்குத் தொட்டுப் பாருங்கள். கீழக்கரையிலும் முந்தின நாள் குழம்புக்குத்தான் போட்டி அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன், உம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.